கோப்பையில் ஒளிந்த 30 கிராம்

வீட்டில் கேக் செய்து விற்கும் பெண்களின் ஆர்டரைக் கெடுப்பது எப்போதும் அவன் அல்ல. பல சமயம் அளவுக் கப்தான். கரண்டியால் மெதுவாகப் போட்டு, மேலே வழித்துவிட்ட ஒரு கப் மைதா சுமார் 120 கிராம். அதே கப்பை டப்பாவுக்குள் விட்டு அழுத்தி மொண்டால் 150-ஐத் தொடும். மூன்று கப் கேட்கும் பிறந்தநாள் கேக்கில் 90 கிராம் கூடுதல். தின்னத் தண்ணீர் வேண்டும்! சர்க்கரை பரவாயில்லை, எப்படி மொண்டாலும் ஏறக்குறைய 200.

வழித்து அளக்கும் பழக்கத்தை அமெரிக்க வீடுகளில் பரப்பியது ஃபேனி ஃபார்மர் 1896-ல் வெளியிட்ட பாஸ்டன் சமையல் புத்தகம். அமெரிக்கக் கப் 237 மில்லி. மெட்ரிக் கப் 250.

விவரமானவர்கள் மின்னணுத் தராசுக்கு மாறிவிட்டார்கள். ஆனால் சமையல் சோடாவுக்கு இன்னமும் டீஸ்பூன்தான். இரண்டு, மூன்று கிராமைச் சாதாரண சமையலறைத் தராசு சரியாகக் காட்டாது.