அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த இரண்டு பக்கத்தைப் படியுங்கள்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் நோக்கிப் போனால், படப்பையின் கிளைத் தெருக்களில் ‘டு-லெட்’ பலகை தொங்காத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ரெனோ-நிஸான், ராயல் என்ஃபீல்டு, டெய்ம்லர், அப்போலோ டயர்ஸ் எல்லாம் ஒரகடத்தில். இன்னொரு பக்கம் சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை. வேலை கிடைத்துக் கைக்குழந்தையோடு வந்து இறங்கும் இளம் தம்பதிக்குப் படப்பை தோதான ஊர். தாம்பரம் பக்கம், கம்பெனி பஸ் தெருமுனையில் நிற்கும், வாடகையும் சென்னை அளவுக்கு இல்லை.

தனியாக வரும் பெண் தொழிலாளர்களுக்காக வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட விடுதியை அரசு கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது. நல்ல காரியம். ஆனால் குடும்பத்தோடு வருபவர் தானேதான் வீடு பிடிக்க வேண்டும். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வீடு முடிந்தாக வேண்டும். புரோக்கர் காட்டுகிற மூன்றாவது வீட்டில் டோக்கன் அட்வான்ஸ் கை மாறிவிடும். மாலையில் ஜெராக்ஸ் கடையில் தயாராக இருக்கும் இரண்டு பக்க ஒப்பந்தத்தில் பெயர், வாடகை, தேதி மூன்றை மட்டும் நிரப்பி, நின்ற வாக்கிலேயே கையெழுத்துப் போடுவார்கள். பின்னால் வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த ஐந்து நிமிடத்தில்தான் பிறக்கின்றன.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. நில உரிமையாளர், குத்தகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். இதற்கென அரசு இணையதளம் உண்டு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது வேறு; அது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின்படி கட்டாயம். இரண்டும் ஒன்றல்ல.

இந்தச் சட்டம் குடியிருப்பவருக்கு நல்லதே சொல்கிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்து சாவி கொடுத்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு அதைத் திருப்பித் தர வேண்டும். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், பழுதான குழாயையும் ஒயரிங்கையும் மாற்றுவது ஆகியவை ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள் போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவருடையவை. இதையெல்லாம் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பிரித்துச் சொல்கிறது.

ஆனால் அட்வான்ஸ் உச்சவரம்பும் பழுதுபார்ப்புப் பொறுப்பும் ‘ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிராவிட்டால்’ என்ற நிபந்தனையோடுதான் வருகின்றன. சட்டம் கொடுப்பதை ஜெராக்ஸ் கடைக் காகிதம் திரும்ப வாங்கிவிட முடியும் என்பதே இதன் பொருள். வாடகை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி அட்வான்ஸ் 30,000. ஒப்பந்தத்தில் ஒரு லட்சம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், ‘சட்டம் மூன்று மாதம்தானே சொல்கிறது’ என்று பிறகு வாதாடுவது கடினம். ‘காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்குக் கழிக்கப்படும்’ என்ற வரியும் அப்படியே. அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் இருவரும் சிறு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வீடு காலியாகக் கிடந்து வாடகை வராத ஓனர் அந்த நேரத்தில் பேச்சுக்கு இறங்கி வருவார். குடியேறிய பிறகு இறங்கி வர அவருக்குக் காரணம் இருக்காது.

அடுத்து ‘லாக்-இன்’. பதினொரு மாதத்துக்குள் காலி செய்தால் அட்வான்ஸ் கிடையாது என்று சிலர் எழுதுகிறார்கள். இந்தத் தொழில் வட்டாரத்தில் அது ஆபத்தான வரி. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா, 2014 நவம்பர் 1 முதல் நிறுத்திக்கொண்டது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி என்றால், கான்ட்ராக்ட் வேலைக்காரர் பதினொரு மாதத்துக்கு உறுதி கொடுப்பது எப்படி? இரு தரப்பும் ஒரு மாத முன்னறிவிப்பில் விலகலாம் என்று எழுதச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்கட்டும். இதை நான் அழுத்திச் சொல்வேன். ஷிஃப்டில் இருப்பவர் போனை எடுக்க முடியாது. தண்ணீர் நின்றாலும், ஓனர் வீட்டுப் பெரியவர் வந்து சத்தம் போட்டாலும் எதிரே நிற்பது குழந்தையோடு வீட்டில் இருக்கும் பெண். காகிதத்தில் பெயரே இல்லாதவரிடம், ‘உன் வீட்டுக்காரர் வரட்டும்மா, அவர்கிட்ட பேசிக்கிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். குடும்பத்துக்குள்ளேயே ஒரு பிளவு வந்தாலும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் வாடகை வீட்டையும் பகிர்ந்து வாழும் இல்லமாகவே கணக்கில் எடுக்கிறது. ஒப்பந்தத்தில் பெயர் இருந்தால் அதை நிரூபிக்க அலைய வேண்டாம்.

‘லீசுக்கு வீடு’ என்ற பலகையைப் பார்த்தால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். ஐந்தாறு லட்சம் கொடுத்துவிட்டால் மாத வாடகை இல்லை, போகும்போது முழுப் பணமும் திரும்ப வரும் என்பார்கள். ஊரில் நகையை வைத்தோ நிலத்தை விற்றோ கொண்டுவந்த பணமாக இருக்கும். சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் நடந்த மோசடி இப்படி: இடைத்தரகர் ஒருவர் உண்மையான ஓனரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுப்பார். அதையே இன்னொரு குடும்பத்துக்கு லட்சங்களுக்கு லீசுக்கு விடுவார். சில மாதம் ஓனருக்கு வாடகை ஒழுங்காகப் போகும். பிறகு இடைத்தரகரைக் காணோம். குடும்பம் ஓனர் முன்னால் வாடகை கட்டாதவராக நிற்கும். இன்னொரு வகை, வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருப்பது. கடன் வாராக்கடனானால் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி வீட்டைக் கைப்பற்ற வரும். அடமானத்துக்குப் பிறகு, வங்கியின் சம்மதமும் பதிவும் இல்லாமல் குடியேறியவருக்கு நீதிமன்றத்தில் பிடிமானம் மிகக் குறைவு.

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கச் செலவில்லை. ஓனரிடம் பத்திர எண்ணோ சர்வே எண்ணோ கேளுங்கள். கொடுக்க மறுப்பவரிடம் லட்சங்களைக் கொடுக்காதீர்கள். பணம் பத்திரத்தில் பெயர் உள்ளவரின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். வீட்டைப் பார்க்காமலே, போனில் வந்த க்யூஆர் கோடுக்கு டோக்கன் அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கணக்கு மாறிக்கொண்டே போகும்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது மீட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மீட்டரா, அல்லது ஒரே இணைப்பிலிருந்து பிரித்த சப்-மீட்டரா? வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முதல் 100 யூனிட் இலவசம். தனி இணைப்பு என்றால் சர்வீஸ் நம்பரை வாங்கிக்கொண்டு பில்லை நீங்களே கட்டுங்கள். சப்-மீட்டர் என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். குடியேறும் நாளன்று மீட்டர் காட்டும் எண்ணைப் படம் பிடித்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மின்சாரப் புகாருக்கு மின்னகம் எண் 94987 94987.

வெள்ளக் கறை இருக்கிறதா என்று சுவரையும் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பொங்கி வரதராஜபுரமும் முடிச்சூரும் மூழ்கியது பலருக்கு நினைவிருக்கும். ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரி நீர் போகும் வழி இந்தப் பக்கத்தில்தான். தரைத்தள வீடு மலிவாக வந்தால் ஏன் மலிவு என்று தெருமுனை மளிகைக் கடையில் விசாரியுங்கள். தண்ணீர் எதுவரை ஏறியது என்று கையால் அளந்து காட்டுவார்கள். புரோக்கர் இதைச் சொல்ல மாட்டார்.

‘நீங்க எந்த ஆளுங்க?’ என்ற கேள்வியும் வரும். சாதியை மறைமுகமாகக் கேட்கும் அந்தக் கேள்வியால் வீடு கிடைக்காமல் போனவர்கள் எத்தனையோ பேர். தீண்டாமையின் பேரில் ஒருவர் ஓரிடத்தில் குடியிருப்பதைத் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். பெரும்பாலும் ‘வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு’ என்ற பொய்யோடு முடித்துவிடுவதால் நிரூபிப்பது கடினம். வெளிப்படையாகச் சாதியைச் சொல்லி மறுத்தால், பேச்சோ செய்தியோ ஆதாரமாக இருந்தால், காவல் நிலையத்தில் புகார் எழுதுங்கள்.

குடியேறிய முதல் மாதத்தில் சில வேலைகளைத் தள்ளிப்போட வேண்டாம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் கர்ப்பப் பதிவை இங்கே மாற்றுங்கள். அந்தப் பதிவு எண் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது தேவைப்படும். பள்ளிக்குழந்தையின் மாற்றுச் சான்றிதழ் ஊரிலிருந்து வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். ரேஷன் அட்டையில் முகவரி மாற்ற இந்த ஒப்பந்தத்தையே கேட்பார்கள்.

தகராறு வந்தால்? மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது, படிக்கட்டு விளக்கை அணைப்பது எல்லாம் 2017 சட்டம் வெளிப்படையாகத் தடை செய்திருப்பவை. வாடகை பாக்கி என்றால் ஓனர் சட்டப்படி கேட்கலாம். தண்ணீரை நிறுத்தி வசூலிக்க முடியாது. தடைபட்டதை உடனே திரும்பக் கொடுக்கும்படி வாடகை அதிகார அமைப்பு இடைக்கால உத்தரவு போடலாம். ஒப்பந்தக் காலத்தின் நடுவே, அதில் எழுதாத வாடகை உயர்வும் செல்லாது. ஆனால் கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மாதப் பாக்கியே வெளியேற்றக் காரணமாகிவிடும். ஓனர் வாங்க மறுத்தால் மணியார்டரிலோ வங்கியிலோ அனுப்பிச் சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வட்டாரத்தில் ஊராட்சிகளும் நகராட்சிகளும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. உங்கள் வீடு 2017 சட்டத்தின் எல்லைக்குள் வருகிறதா, யாரிடம் மனு கொடுப்பது என்பதை ஸ்ரீபெரும்புதூர் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வராத இடத்திலும் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் உண்டு. வேறு ஒப்பந்தம் இல்லாத மாத வாடகைக் குடியிருப்பை முடிக்க அதன்படி 15 நாள் எழுத்து மூல நோட்டீஸ் தேவை. இன்று சொல்லி நாளை சாமானைத் தெருவில் வைக்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று ஒதுங்கிவிடாதீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. படப்பையில் குடியேறும் குடும்பங்களில் பெரும்பாலானவை இதில் ஏதாவது ஒன்றில் அடங்கிவிடும். அழைக்க வேண்டிய எண் 15100. கூப்பிடும்போது ஒப்பந்தம், அட்வான்ஸ் கொடுத்த வங்கிச் சான்று, வாடகை ரசீதுகள், முதல் நாள் எடுத்த படங்கள் கையில் இருக்கட்டும்.