ஞானப்பல்: எதை விட்டுவைப்பது, எதை எடுப்பது?

இந்தப் பக்கங்களில் நாம் வழக்கமாக எழுதுவது பருப்பு விலை, கொள்முதல், வரிக் கணக்கு பற்றித்தான். இம்முறை பல்லைப் பற்றி எழுத வேண்டியதாகிவிட்டது. அதற்குக் காரணம் உண்டு.

மஞ்சக்குப்பத்தில் நம் மண்டியில் எடை போடும் தம்பிக்கு வயது 22. இரண்டு வருஷத்துக்கு முன், மார்கழிக் கடைசியில் பொங்கல் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது, "கடைவாயில் வலிக்குது முதலாளி" என்றான். "வேலை முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் தம்பி" என்று கல்லாவில் இருந்த வலி மாத்திரை ஒன்றை நாமே எடுத்துக் கொடுத்தோம். இரண்டு நாளில் வலி போயிற்று. இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தது, மறுபடியும் மாத்திரை. இப்படியே ஐந்தாறு முறை ஆயிற்று. கடைசி முறை கன்னம் வீங்கி, வாய் திறக்க முடியாமல், காய்ச்சலோடு வந்து நின்றான். அப்போதுதான் பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். ஞானப்பல் சாய்ந்து முளைத்து, அதற்கு முன்னால் இருந்த நல்ல கடைவாய்ப் பல்லையும் வேர்வரை சொத்தையாக்கியிருந்தது. ஒரு பல்லோடு போயிருக்க வேண்டியது இரண்டு பல்லாகப் போயிற்று. அந்தத் தவறில் நமக்கும் பங்கு உண்டு. அதன் பிறகு மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறோம்.

ஞானப்பல் என்பது எது?

வளர்ந்த மனிதனுக்கு மொத்தம் 32 பற்கள். நடுவில் உள்ள முன்பல்லை ஒன்று என்று வைத்து ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டே போனால், எட்டாவதாக வருவதே ஞானப்பல். மேலே இரண்டு, கீழே இரண்டு, ஆக நான்கு. மற்ற நிலைப்பற்கள் 12, 13 வயதுக்குள் பெரும்பாலும் வந்துவிடும். இது மட்டும் 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும். புத்தி தெளியும் வயதில் வருவதால் இந்தப் பெயர். சிலருக்கு ஒன்றோ இரண்டோ முளைப்பதே இல்லை. நான்கும் இல்லாதவரும் உண்டு. அது நோய் அல்ல.

ஏன் தொல்லை தருகிறது?

நம் தொழிலில் வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். குடோனில் 28 மூட்டைகளை ஒழுங்காக அடுக்கி முடித்துவிட்டோம். இரவு பத்து மணிக்கு லாரியில் இன்னும் நான்கு மூட்டைகள் வருகின்றன. இடம் இருந்தால் நேராக நிற்கும். இல்லாவிட்டால் சுமை தூக்குபவர் கிடைத்த சந்தில் சாய்த்துவிட்டுப் போவார். ஞானப்பல்லின் கதையும் இதுதான். தாடையில் இடம் போதாதபோது அது முன்பல்லின் மேல் சாய்ந்தோ, படுக்கைவாட்டிலோ, எலும்புக்குள் புதைந்தோ நின்றுவிடுகிறது. பழங்கால மனிதர் கடினமான உணவை மென்று தின்றதால் தாடை நன்கு வளர்ந்தது என்றும், குழைய வேகவைத்த உணவுக்குப் பழகிய நமக்குத் தாடை சிறுத்துவிட்டது என்றும் ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

அதிகத் தொல்லை தருவது பாதி வெளியே வந்து பாதி ஈறுக்குள் நிற்கும் கீழ்ப் பல். அதன் மேல் ஈறு ஒரு மூடிபோலக் கிடக்கும். பொட்டுக்கடலை, அவல், முறுக்குத் தூள் எதுவானாலும் அந்த மூடிக்குள் போய் அடைந்துகொள்ளும். பிரஷ் அங்கே எட்டாது. கிருமி பெருகும், ஈறு வீங்கும், வீங்கிய ஈறை மேல் பல் கடிக்கும், வலி இன்னும் கூடும். சாய்ந்த பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே தேங்கும் உணவு சொத்தையை உண்டாக்கும். ஈரம் பட்ட மூட்டை பக்கத்து மூட்டையைக் கெடுப்பதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே கணக்குதான்.

எப்போது எடுக்க வேண்டும்?

1. ஈறு வீக்கம் திரும்பத் திரும்ப வந்தால். முதல் முறை இலேசாக வந்தால், மருத்துவர் ஈறு மூடியின் அடியைக் கழுவிச் சுத்தம் செய்வார், பெரும்பாலும் அடங்கிவிடும். இரண்டாம் முறையும் வந்தால் எடுப்பதே நல்லது என்பது பொதுவான மருத்துவ முடிவு. முதல் முறையே கடுமையாக வந்தாலும் எடுக்கச் சொல்வார்கள்.

2. ஞானப்பல் அடைக்க முடியாத அளவுக்குச் சொத்தையாகிவிட்டால்.

3. முன்னால் உள்ள நல்ல பல்லுக்கோ அதைத் தாங்கும் எலும்புக்கோ சேதம் தொடங்கிவிட்டால்.

4. புதைந்த பல்லைச் சுற்றி நீர்க்கட்டி இருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தால். இது வலியே இல்லாமல் வளர்ந்து தாடை எலும்பை அரிக்கக்கூடியது.

5. பல்லைச் சுற்றிச் சீழ் பிடித்தால்.

எந்தப் பல்லை விட்டுவைக்கலாம்?

நேராக முளைத்து, மேல் பல்லோடு சேர்ந்து மெல்ல உதவி, பிரஷ் எட்டுகிற பல்லை எடுக்க வேண்டியதில்லை. எலும்புக்குள் முழுவதும் புதைந்து, எந்தத் தொந்தரவும் தராமல் கிடக்கும் பல்லையும் பெரும்பாலும் விட்டுவைக்கலாம்.

அமெரிக்காவில் தொல்லை வருமுன்பே, பதின்வயதிலேயே நான்கையும் எடுத்துவிடும் வழக்கம் பரவலாக உண்டு. இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டு அரசின் மருத்துவ வழிகாட்டும் அமைப்பு, நோயில்லாத ஞானப்பல்லை எடுக்க வேண்டாம் என்று அறிவித்தது. ஆனால் அப்படி விட்டுவைத்த பற்களில் சில, பின்னாளில் பக்கத்துப் பல்லைச் சொத்தையாக்கியதையும் அங்குள்ள மருத்துவர்கள் கண்டார்கள். ஆகவே விட்டுவைத்த பல்லை மறந்துவிடக் கூடாது. குடோன் மூலையில் கிடக்கும் பழைய சரக்கை அவ்வப்போது புரட்டிப் பார்ப்பதுபோல, மருத்துவரிடம் காட்டிவர வேண்டும்.

"மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்" என்று நம் பக்கத்தில் பலரும் அஞ்சுகிறார்கள். பல்லுக்கு உணர்வு தரும் நரம்பு வேறு, பார்வை தரும் நரம்பு வேறு. பல் எடுப்பதால் பார்வை போவதில்லை. ஞானப்பல் தள்ளுவதால்தான் முன்பற்கள் கோணலாகின்றன என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. அதற்காக மட்டும் அதை எடுக்கத் தேவையில்லை.

எடுப்பதற்கு முன்

தாடை முழுவதையும் காட்டும் எக்ஸ்ரே ஒன்று எடுப்பார்கள், ஓ.பி.ஜி. என்று பெயர். கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தருவது அதுதான். பல்லின் வேர் அதற்கு அருகில் இருந்தால், எடுத்த பிறகு உதடு மரத்துப்போக வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். அரிதாகச் சிலருக்கு நிலைத்துவிடுவதும் உண்டு. இதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நம் உரிமை.

இளவயதில் எலும்பு இளகியிருக்கும், வேரும் முழுதாக வளர்ந்திராது. எடுப்பதும் ஆறுவதும் எளிது. வயது ஏற ஏறச் சிரமம் கூடும். எடுக்க வேண்டிய பல்லை ஒத்திப்போடுவதில் லாபம் இல்லை.

நம் வயதினருக்கு ஒரு வார்த்தை. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, இதய நோய், மருந்து ஒவ்வாமை எது இருந்தாலும் முன்பே சொல்லிவிட வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தாமாகவே அதை நிறுத்திவிடக் கூடாது. அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பல் மருத்துவரிடமும் இதய மருத்துவரிடமும் கேட்டு நடக்க வேண்டும்.

எடுத்த பிறகு

வைத்த பஞ்சை அரை மணி முதல் ஒரு மணி நேரம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். முதல் நாள் காறித் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. புண்ணில் உறைந்திருக்கும் இரத்தம்தான் அதற்கு மூடி. அது பெயர்ந்துவிடக் கூடாது. அன்று கன்னத்தின் மேல் துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். ஆறிய இட்லி, தயிர் சாதம், கஞ்சி போதும். மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் மெதுவாகக் கொப்பளிக்கலாம். புண் ஆறும்வரை பீடி, சிகரெட், வெற்றிலை பாக்கு, புகையிலை வேண்டாம். இரண்டு மூன்று நாள் மூட்டை தூக்க வேண்டாம்.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு வடியும். மூன்றாம் நாளையொட்டி வலி குறைவதற்குப் பதிலாகக் கூடி, காதுவரை இழுத்து, வாயில் துர்நாற்றமும் வந்தால், இரத்த மூடி பெயர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். புகை பிடிப்பவர்களுக்கு இது அதிகம். உடனே திரும்பப் போனால் மருந்து வைத்துச் சரிசெய்வார்கள்.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்

பல் வலியோடு தாடைக்கு அடியிலும் கழுத்திலும் வீக்கம் பரவுவது, எச்சில் விழுங்க முடியாமை, நாக்கு மேலே தூக்கிக்கொள்வது, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் காலைவரை காத்திருக்கக் கூடாது. கீழ்க் கடைவாய்ப் பற்களின் சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சுக்குழாயை அடைக்கும் நோயை 1836-இல் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்தார். இன்றும் அது உயிரைப் பறிக்கக்கூடியதே. 108-க்குப் போன் செய்து பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

நம் கடையில் கேட்டு வருபவர்களுக்கு

பல் வலி என்றால் முதலில் மளிகைக் கடைக்குத்தான் வருகிறார்கள். கிராம்பு கேட்பார்கள். கிராம்பில் உள்ள எண்ணெய் வலியை மரக்கச் செய்வது உண்மை. பல் மருத்துவர்களே அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் மரத்துப்போவது வலி மட்டும்தான். உள்ளே உள்ள கிருமியும், சாய்ந்த பல்லும் அப்படியே இருக்கும். வலி மாத்திரையைப் பொடித்து ஈறில் அப்புகிறவர்களும் உண்டு. அது ஈறைப் புண்ணாக்கிவிடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பாக்கு, பான் மசாலா மெல்லுபவர்களுக்கு வீக்கமோ காய்ச்சலோ இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறப்பது குறைந்து, காரம் பட்டால் எரிந்தால், அது ஞானப்பல் கோளாறு அல்ல. கன்னத்தின் உட்புறம் இறுகும் வேறொரு நோய் அது. புற்றுநோயாக மாறவும் கூடியது. அப்படிப்பட்டவரைப் பார்த்தால் பாக்கை விடச் சொல்லி, உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

நம் பக்கத்தில் சிகிச்சைக்குக் குறைவில்லை. கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1980-இல் தொடங்கிய ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி, 2021-இல் தமிழக அரசின் சுகாதாரத் துறைக்கு வந்துவிட்டது. வடக்கே போனால் புதுவையில் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி உள்ளது. ஒரு நாள் கடைக்கு ஆள் போட்டுவிட்டுப் போய்வரும் தூரம்தான் எல்லாம்.

வலி நின்றதும் கணக்குத் தீர்ந்தது என்று நாம் நினைத்தோம். உண்மையில் பாக்கி அப்படியே நின்று வட்டி ஏறிக்கொண்டிருந்தது. அந்த வட்டியைக் கட்டியவன் 22 வயதுப் பிள்ளை. இப்போது நம் கல்லாவில் மாத்திரை அட்டை வைப்பதில்லை. கடைவாய் வலி என்று யார் வந்தாலும், "இது எத்தனையாவது தடவை?" என்றுதான் முதலில் கேட்கிறோம். முதல் தடவை என்றால் இந்த வாரமே பல்லைக் காட்டிவிடச் சொல்கிறோம். இரண்டாவது என்றால் இன்றே போகச் சொல்லி, நம்மிடம் வேலை செய்பவராக இருந்தால் அன்றைய சம்பளத்தையும் பிடிக்காமல் அனுப்புகிறோம். நீங்களும் அப்படியே செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.