சேகரித்தவர்: ஜே.டி.எச்.

தாவரவியல்காரர்களுக்குப் பழக்கமான ஒரு லேபிள் இருக்கிறது. காய்ந்த கிளை ஒட்டப்பட்ட தாளின் கீழ் மூலையில் சிறிய அச்சுச் சீட்டு. மேலே லத்தீன் சுருக்கத்தில் ‘ஹெர்ப். இண்ட். ஓர். ஹூக். ஃபில். & தாம்சன்’ என்றிருக்கும். ஹூக்கரின் மகனும் தாம்சனும் சேர்த்த கீழை இந்தியத் தாவரத் தொகுப்பு என்று பொருள். அடுத்து வளரிடம்: சிக்கிம். பிறகு மண்டலம், உயரம் இத்தனை அடி. கடைசியில் ‘கொல். ஜே.டி.எச்.’ அதாவது சேகரித்தவர் ஜோசப் டால்டன் ஹூக்கர். தேதி பெரும்பாலும் இருக்காது. இந்தக் கடைசி வரியை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம் என்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

‘சேகரித்தவர்’ என்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல் நமக்கு வேறு விதத்தில் ரொம்பப் பழக்கம்: கலெக்டர். வரி வசூலித்தவரும் கலெக்டர், பூ வசூலித்தவரும் கலெக்டர். இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. 1857 கலகத்தின்போது இட்டாவா ஜில்லாவின் கலெக்டராக இருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம்தான் பிற்பாடு சிம்லாவில் உட்கார்ந்து ஆசியாவிலேயே பெரிய பறவைத் தொகுப்பை உருவாக்கினார். 1885ல் அதை பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார். தோலும் முட்டையுமாக ஏறத்தாழ 82,000. அதே வருடம்தான் காங்கிரஸ் உருவானது. நம்ம பாடப்புத்தகம் இரண்டாவதை மட்டும் சொல்லும்.

ஹூக்கருக்குத் திரும்புவோம். அவர் டார்ஜிலிங்குக்கு வந்தது 1848 ஏப்ரலில். அங்கே தங்கியது பிரையன் ஹாட்டன் ஹாட்ஜ்சன் வீட்டில். அக்டோபர் இறுதியில் கிழக்கு நேபாளத்தின் தம்பூர் பள்ளத்தாக்கை நோக்கிக் கிளம்புகிறார். 1854ல் வெளிவந்த தன் பயண நூலில் கூட வந்தவர்களுக்கு அவரே கணக்குக் கொடுக்கிறார்: மொத்தம் 56 பேர். கூடாரம், கருவிகள், படுக்கை, துணிப்பெட்டி, புத்தகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள். செடி காயவைக்கும் தாளையும் மற்ற சாமான்களையும் சுமக்க ஏழு பேர். லெப்சா இனத்தைச் சேர்ந்த ஒரு தலைமைத் தாவரச் சேகரிப்பாளர், அவருக்கு ஒரு சுமையாள். ஹாட்ஜ்சன் அனுப்பிய பறவை சுடுகிறவர், சேகரிக்கிறவர், பஞ்சடைக்கிறவர், அவர்கள் சாமானுக்கு நாலு பேர். நேபாளக் காவலர்கள். சோற்று மூட்டை சுமக்க பூட்டானியக் கூலிகள் பதினாலு பேர். அப்புறம், மரமேறவும் தாள் மாற்றவும் மூன்று லெப்சா பையன்கள்.

ஹூக்கர் எதையும் ஒளிக்கவில்லை. ஆட்களை எண்ணிக் காட்டுகிறார், புகழவும் செய்கிறார். ஆனால் புத்தகத்தில் 56 ஆக இருந்தது லேபிளுக்கு வரும்போது மூன்று எழுத்தாகச் சுருங்கிவிடுகிறது. பயண நூல் இலக்கியம், யாரும் வாசிக்கலாம். லேபிள் ஆவணம். நூறு வருடம் கழித்து ஒரு பெயர் சரியா என்று தீர்ப்பதற்கு அதைத்தான் எடுப்பார்கள். யார் எந்த வகை எழுத்தில் இடம்பெறுகிறார், எதிலிருந்து காணாமல் போகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

தாள் மாற்றுவது என்ன பெரிய வேலை என்று கேட்கலாம். செடியை இரண்டு உறிஞ்சுதாள்களுக்கு நடுவே விரித்து, பலகை வைத்து, பாரம் ஏற்றிக் கட்டுகிறார்கள். ஈரம் தாளுக்குப் போகும். மறுநாள் ஈரத்தாளை எடுத்துவிட்டுக் காய்ந்த தாள் வைக்க வேண்டும். ஈரத்தாளை வெயிலிலோ நெருப்பிலோ காட்டி மறுபடி தயார்பண்ண வேண்டும். இப்படிப் பல நாள். ஒருநாள் தவறினாலும் இலை கறுக்கும், பூஞ்சை பிடிக்கும். சிக்கிமின் மழைக்காலத்தில், அட்டை ஏறும் காட்டில், விறகே நனைந்து கிடக்கும்போது இதைச் செய்வதைக் கற்பனை செய்து பாருங்கள். கியூ தோட்டத்தில் இன்றும் இருக்கும் ஒவ்வொரு இலையின் பின்னாலும் ஒருத்தர் நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து தாள் காயவைத்த இரவுகள் இருக்கின்றன.

பறவைக்கு வேறு மாதிரி. இறகு கெடாதபடி பொடிக் குண்டால் சுட வேண்டும். அன்றைக்கே வயிற்றில் கீறி, மண்டையோட்டின் பகுதியோடு தோலைக் கழற்றி, உள்பக்கம் ஆர்சனிக் சோப்பு தேய்த்து, பஞ்சு அடைத்துத் தைத்து, காலில் சீட்டுக் கட்ட வேண்டும். ஆர்சனிக் என்றால் பாஷாணம்தான். வெறும் கையால் தேய்த்தவர்கள் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணின் நிறமும் அலகின் நிறமும் சீக்கிரம் மங்கிவிடும். அதனால்தான் ஓவியர் தேவைப்பட்டார்.

*

ஹாட்ஜ்சனின் கதை இன்னும் சிக்கலானது. 1820களிலிருந்து 1843வரை, சிறு இடைவெளிகள் போக, காட்மாண்டுவில் கம்பெனியின் ரெசிடென்சியில் இருந்தார். நேபாள தர்பார் வெள்ளைக்காரனைப் பள்ளத்தாக்கைத் தாண்ட விடாது. ஆக, தானே போக முடியாத மலைகளுக்கு உள்ளூர் வேட்டைக்காரர்களையும் பொறிவைப்பவர்களையும் அனுப்பினார். உள்ளூர் ஓவியர்களை வைத்து வரையச் செய்தார். அவர்களில் ராஜ்மான் சிங் சித்ரகாரின் பெயர் நமக்குக் கிடைக்கிறது. சில படங்களின் ஓரத்தில் நாகரி எழுத்தில் குறிப்புகளும் உண்டு. பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அவர் கொடுத்த மாதிரிகள் பத்தாயிரத்துக்கு மேல்.

நம்மை யோசிக்க வைக்கிற விஷயம், அவர் பெயர் வைத்த முறை. குட்டியா, யுஹினா, மின்லா, சுதோரா ஆகிய நான்கும் இன்றும் புழங்குகிற பறவைப் பேரினப் பெயர்கள். இவை கிரேக்கமோ லத்தீனோ அல்ல. நேபாளத்து ஆட்கள் அந்தப் பறவைகளைச் சொன்ன சொற்கள். இப்படி ‘காட்டுமிராண்டி’ச் சொற்களை அறிவியலில் நுழைப்பது அந்தக்கால இங்கிலாந்துப் பண்டிதர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பெயரிடல் விதிகளின்படி முதலில் வைத்த பெயரே நிற்கும், அதனால் அவை நின்றுவிட்டன. சொல் தங்கிவிட்டது. அந்தச் சொல்லை வாயால் சொன்ன வேட்டைக்காரன் யார் என்பது தங்கவில்லை.

ஹூக்கர் பெயர் வைத்ததை இதோடு வைத்துப் பார்க்கலாம். நேபாளத்தில் குராஸ் என்று அழைக்கப்படும் ரோடோடென்ட்ரான்களில் ஒன்றுக்கு வைசிராயின் முன்னோடியான கவர்னர் ஜெனரலின் மனைவி டல்ஹவுசி சீமாட்டியின் பெயர், இன்னொன்றுக்கு ஹாட்ஜ்சன் பெயர், வேறொன்றுக்கு தாம்சன் பெயர். மக்னோலியா ஒன்றுக்கு டார்ஜிலிங் சூப்பரின்டெண்டன்ட் கேம்ப்பெல்லின் பெயர். நட்புக்கும் நன்றிக்கும் பதவிக்குமான ஒரு வரைபடம் மலைச்சரிவில் பூவாகப் பூக்கிறது. அந்தக் குராஸ்களின் வண்ணப்பட நூலின் முதல் பகுதி 1849ல், ஹூக்கர் இமயமலையில் இருக்கும்போதே, லண்டனில் வெளிவந்தது. சீமான்களின் தோட்டங்களுக்கு விதை போய்ச் சேர்ந்தது.

சென்னை ராஜதானியிலும் இப்படி ஒன்று நடந்தது. ராபர்ட் வைட்டிடம் ரங்கையா, கோவிந்து என்ற இரு ஓவியர்கள் வேலை பார்த்தார்கள். வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்தூயியா என்று பெயரிட்டார். ஆனால் அந்தச் செடி ஏற்கெனவே பெயரிடப்பட்ட வேறொரு பேரினத்துக்குள் அடங்கும் என்று பின்னால் தெரிந்ததும் கோவிந்து பெயர் இணைப்பெயர்ப் பட்டியலுக்குள் போய்விட்டது. யுஹினாவைக் காப்பாற்றிய அதே முன்னுரிமை விதிதான் கோவிந்துவைக் கீழே தள்ளியது. விதிக்குத் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது என்பது உண்மைதான்.

*

மலைக்காரர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. 1849ல் ஹூக்கர் லாச்சென் பள்ளத்தாக்கில் மேலேறப் பார்த்தபோது ஊர்த்தலைவர் பிபுன், திபெத் எல்லை இதோ இங்கேயே என்று சொல்லித் தடுத்துப் பார்த்தார். சிக்கிம் திவானின் ஆட்கள் உணவு கிடைக்காமல் செய்தார்கள். இவற்றையெல்லாம் ஹூக்கர் குணக்கேடாகவும் தந்திரமாகவும் எழுதுகிறார். கையில் கருவியோடு வந்து, கொதிநீர் வெப்பமானி வைத்து உயரம் அளந்து, வரைபடமும் போடுகிற ஒருவனைப் பூப்பறிக்க வந்தவன் என்று நம்ப அவர்களுக்குக் காரணம் இல்லை. அந்த நவம்பரில் ஹூக்கரையும் கேம்ப்பெல்லையும் சிக்கிம் தரப்பு பிடித்து வைத்தது. கேம்ப்பெல்லை அடித்தார்கள். டிசம்பரில் இருவரும் விடுவிக்கப்பட்டார்கள். 1850ல் கம்பெனி சிக்கிமின் தராய் பகுதியையும் கீழ் மலைகளையும் எடுத்துக்கொண்டது. டார்ஜிலிங்குக்காக ராஜாவுக்குக் கொடுத்துவந்த வருடம் 6,000 ரூபாயையும் நிறுத்தியது. ஆக, ஊர்க்காரர்களின் சந்தேகம் சரியாகத்தான் இருந்தது.

1903-04 திபெத் படையெடுப்பில் நிலைமை இன்னும் வெளிப்படை. யங்ஹஸ்பண்டின் படையோடு ராணுவ மருத்துவர் கேப்டன் வால்டன் இயற்கை ஆய்வாளராகப் போனார். 1904 மார்ச் 31 அன்று குருவில் பல நூறு திபெத்தியர்கள் இயந்திரத் துப்பாக்கிக்கு இரையானார்கள். அந்தப் பயணத்திலிருந்து ஒழுங்கான ஒரு பறவைப் பட்டியலும் கிடைத்தது. இரண்டும் ஒரே முகாமிலிருந்து.

எவரெஸ்ட் பயணங்களில் மறுப்பு வேறு குரலில் வருகிறது. 1921ல் வோலாஸ்டன், 1922ல் லாங்ஸ்டாஃப், 1924ல் ஹிங்ஸ்டன் என்று மருத்துவரே இயற்கை ஆய்வாளராகவும் போனார்கள். ரோங்புக் மடத்துப் பள்ளத்தாக்கில் உயிர்க்கொலை கிடையாது. காட்டு ஆடுகள் துறவிகளின் குகைவாசல்வரை வரும். இங்கே சுடக்கூடாது என்று மடத் தலைவர் கேட்டுக்கொண்டார். நிலவியலாளர் ஹெரான் பாறையைத் தட்டியதுகூட லாசா அரசின் புகாருக்கு உள்ளானது. பயணக்காரர்கள் இதையெல்லாம் மூடநம்பிக்கைக் கணக்கில் எழுதினார்கள். கொல்லாமல் அறிய முடியாதா என்ற கேள்வி அதில் இருந்தது அவர்களுக்குக் கேட்கவில்லை.

*

இந்த இடத்தில் ஃபூக்கோவைத் துணைக்கழைத்து, அறிவு என்பதே அதிகாரம் என்று சொல்லிவிட்டு எழுந்துபோவது சுலபம். நம்ம பத்திரிகைகளில் அப்படி நிறைய எழுதியாயிற்று. லத்தூர் சொல்லும் ‘கணக்கீட்டு மையம்’ என்ற கருத்து கொஞ்சம் கூடுதலாக உதவும்: தூரத்து மலைகள் தாளாகவும் தோலாகவும் தட்டையாக்கப்பட்டு ஒரு மேசையில் குவிகின்றன, மேசைக்காரன் மலைக்காரனைவிட அதிகம் ‘பார்க்கிறான்’. சரி. ஆனால் இதோடு முடியாத இரண்டு விஷயங்கள் உண்டு.

ஒன்று, இமயக் காடை. முசூரி, நைனிதால் பக்கம் மட்டுமே கிடைத்த பறவை. கடைசியாகச் சுடப்பட்டது 1876ல். அதற்குப்பின் உறுதியான சான்று எதுவும் இல்லை. அப்படி ஒரு பறவை இருந்தது என்பதற்கு உலகில் மிஞ்சியிருப்பது சுமார் ஒரு டஜன் தோல்கள். அந்தத் துப்பாக்கியைத் திட்டுகிற நாமும் அந்த இழுப்பறையைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஹூக்கரின் உயரக் குறிப்பு. 2013ல் வெளியான ஒரு ஆய்வு, 1849-50ல் அவர் லாச்சென், லாச்சுங் பள்ளத்தாக்குகளில் குறித்த உயரங்களை 2007-10ல் அதே சரிவுகளில் எடுத்த கணக்கோடு ஒப்பிட்டது. அந்த மலைக்கே உரிய 124 தாவர வகைகளில் 87 சதவீதம் வெப்பத்தால் மேல்நோக்கி நகர்ந்திருந்தன. கொதிநீர் வெப்பமானியால் பேரரசுக்காக அளந்த எண், இன்று பேரரசுகள் எரித்த கரிக்கு எதிரான சாட்சியாகவும் இருக்கிறது. லெப்சாப் பையன் ஏறாமல் இருந்திருந்தால் அந்தச் சாட்சியம் இல்லை.

ஆகவே பிரச்சனை தொகுப்பு இருப்பதில் இல்லை, லேபிளில் யார் இருக்கிறார்கள் என்பதில். இது வெறும் மரியாதைப் பிரச்சனை அல்ல. உயிரியல் பன்மைக்கான சர்வதேச உடன்படிக்கை 1993 இறுதியில்தான் அமலுக்கு வந்தது, அதற்கு முன்பே போய்ச் சேர்ந்த தாள்களை அது தொடாது. இந்தியச் சட்டம் 2002ல் வந்தது. அதன்படி அமைந்த தேசிய ஆணையம் நம்ம சென்னையில்தான் இருக்கிறது. அறிவுக்கு உரிமை கோர வேண்டுமானால் அறிந்தவர் இவர் என்று எங்காவது பதிவாகியிருக்க வேண்டும். 2023ல் திருத்தம் கொண்டுவந்தார்கள்: நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்தும் உள்நாட்டுக்காரர்கள் பலன்-பகிர்வு கொடுக்க வேண்டியதில்லை. எழுதப்படாவிட்டால் ஆதாரம் இல்லை, எழுதப்பட்டால் விலக்கு. ரெண்டு பக்கமும் லெப்சாவுக்கு வெளியேதான் கதவு திறக்கிறது.

லெப்சாக்களின் நிலமான சோங்குவில் டீஸ்டா அணைகளை எதிர்த்து 2007ல் இளைஞர்கள் நீண்ட உண்ணாவிரதம் இருந்தார்கள். எந்தச் சரிவு நிற்கும், எந்தச் சரிவு சரியும் என்று அவர்கள் சொன்னதை அறிவு என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. சோங்குவுக்குத் திட்டமிட்டதில் சில கைவிடப்பட்டன. மேலே சுங்தாங்கில், லாச்சென், லாச்சுங் ஆறுகள் கூடும் இடத்தில், டீஸ்டா மூன்றாம் திட்டத்தின் அணை எழுந்தது. 1849ல் ஹூக்கர் முகாமிட்டு, செடிகளின் செழிப்பைக் கண்டு பக்கம் பக்கமாக எழுதிய அதே இடம். 2023 அக்டோபர் 4 அதிகாலை, மேலே தெற்கு லோனக் பனி ஏரி உடைந்து வந்த வெள்ளம் அந்த அணையை அடித்துக்கொண்டு போனது.