விளையாட்டுக்கு வழிவிட்டு விலகும் காவல்

புது தில்லி: பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் மசோதா, 2025 ஆகஸ்ட் 20-ஆம் தேதி மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. பிகார் வாக்காளர் பட்டியல் திருத்தம் தொடர்பான அமளிக்கிடையே, விரிவான விவாதமின்றிக் குரல் வாக்கெடுப்பிலேயே அது சட்டமானது. ஆகஸ்ட் 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பண விளையாட்டை நடத்துவோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை, ரூ.1 கோடி வரை அபராதம் என்கிறது சட்டம். பணம் சாராத கணினி விளையாட்டுகளை ஊக்குவிப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று.

அரசு ஊக்குவிக்க விரும்பும் இந்த இரண்டாம் வகை விளையாட்டிலும் ஓர் ஆபத்து உண்டு. அது பணம் கேட்பதில்லை. வைரஸ் தடுப்பு மென்பொருளைச் சற்று நேரம் நிறுத்தி வைக்குமாறு மட்டுமே கேட்கிறது.

வேகம் குறைவது ஏன்?

விளையாடுவோரின் குறை முற்றிலும் கற்பனையன்று. தடுப்பு மென்பொருள் ஒவ்வொரு கோப்பும் திறக்கப்படும்போது அதைச் சோதிக்கிறது. பெரிய விளையாட்டுகளோ தொடங்கும்போதே ஏராளமான கோப்புகளைத் திறக்கின்றன. அந்நேரத்தில் முழுச் சோதனையும் தொடங்கிவிட்டால், பழைய ஹார்டு டிஸ்க்கும் குறைந்த நினைவகமும் கொண்ட கணினி திணறும். திரையில் காட்சி தடைபடும். எஸ்.எஸ்.டி. பொருத்திய புதிய கணினிகளில் இந்த வேறுபாடு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால், நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் இருப்பது பழைய கணினிதான். மகன் விளையாடும் அதே கணினியில்தான் தந்தை வங்கிக் கணக்கைப் பார்க்கிறார். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்கிறார்.

இந்தத் திணறலையே மோசடிக் கும்பல்கள் முதலீடாகக் கொள்கின்றன. திருட்டுப் பிரதியாக வரும் விளையாட்டு, குறுக்கு வழியில் வெற்றி தரும் 'சீட்' நிரல் ஆகியவற்றோடு, "முதலில் வைரஸ் தடுப்பை நிறுத்துங்கள், அது தவறாக எச்சரிக்கும்" என்ற அறிவுரையும் சேர்ந்தே வருகிறது. பூட்டைத் திறந்து வைக்குமாறு திருடனே சொல்கிறான். வீட்டுக்காரரும் அவ்வாறே செய்கிறார்.

நடந்தவை என்ன?

2015-இல் பரவிய 'டெஸ்லாகிரிப்ட்' என்ற நச்சுநிரல், விளையாட்டுகளின் சேமிப்புக் கோப்புகளைத் தேடிப் பூட்டி, விடுவிக்கப் பிணைத்தொகை கேட்டது. 2016 மே மாதத்தில் அதை இயக்கியவர்களே பூட்டைத் திறக்கும் சாவியை வெளியிட்ட பிறகுதான் அத்தொல்லை ஓய்ந்தது. 2025 பிப்ரவரியில், 'ஸ்டீம்' என்ற புகழ்பெற்ற விற்பனைத் தளத்திலேயே 'பைரேட்ஃபை' என்ற இலவச விளையாட்டு நச்சுநிரலைச் சுமந்து வந்தது. அதை நீக்கிய வால்வ் நிறுவனம், பதிவிறக்கியவர்கள் கணினியை முழுமையாகச் சோதிக்குமாறு எச்சரித்தது. முறையான கடையில் வாங்கினாலும் காவல் தேவை என்பதற்கு இதுவே சான்று.

கடவுச்சொற்களைத் திருடும் 'லும்மா' என்ற நிரல், 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையிலான இரண்டே மாதங்களில் உலகெங்கும் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளைத் தொற்றியதாக மைக்ரோசாஃப்ட் கண்டறிந்தது. இத்தகைய நிரல்கள் கணினியை முடக்குவதில்லை. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை ஓசையின்றி எடுத்துச் செல்கின்றன. விளையாட்டு தடையின்றி ஓடுவதால் எவருக்கும் ஐயம் எழுவதில்லை.

சட்டம் எதுவரை?

கணினியில் வைரஸ் புகுத்துவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66-ஆவது பிரிவுகளின்படி 3 ஆண்டுகள் வரை சிறை அல்லது ரூ.5 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம். இணையத் தாக்குதல்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என 2022 ஏப்ரலில் 'செர்ட்-இன்' அமைப்பு உத்தரவிட்டது. ஆனால், அக்கடமை நிறுவனங்களுக்கும் அரசு அமைப்புகளுக்கும் உரியது. வீட்டுக் கணினிக்கு அத்தகைய கண்காணிப்பு இல்லை.

அந்த இடைவெளியைக் குறைக்கவே 2017 பிப்ரவரி 21-இல் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' தொடங்கப்பட்டது. நச்சுநிரலை நீக்கும் கருவிகளை அது இலவசமாக வழங்குகிறது. ஆனால், வரிப்பணத்தில் நடக்கும் இச்சேவையின் பெயரையே அறியாத குடும்பங்கள் ஏராளம். பண விளையாட்டின் தீமையைப் பறைசாற்றும் அரசு, இதையும் பள்ளிகள் வழியே மாநில மொழிகளில் எடுத்துச் சொல்ல என்ன தடை?

இடைவழி உண்டு

வேகமா, பாதுகாப்பா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. தடுப்பு மென்பொருள்கள் பலவற்றில் விளையாட்டுக்கென்றே தனி அமைப்பு உண்டு. அது அறிவிப்புகளையும் திட்டமிட்ட சோதனைகளையும் ஒத்திவைக்கும், காவலை நிறுத்தாது. முழுச் சோதனையை விளையாடாத நேரத்துக்கு மாற்றி வைக்கலாம். இரண்டு தடுப்பு மென்பொருள்களை ஒருசேர இயக்கினால் வேகம் மேலும் குறையும், ஒன்றே போதும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், பழைய கணினி வைத்திருப்போருக்குக் கூடுதல் கவனம் தேவை.

பணம் பறிபோனது தெரிந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம். ஆனால், புகார் செய்த பணமெல்லாம் திரும்பிவிடுவதில்லை. காவலை நிறுத்துமாறு ஒரு விளையாட்டு கேட்குமானால், நிறுத்த வேண்டியது அந்த விளையாட்டையே.