கோப்பை இருக்கிறது, நாடகம் எங்கே?

மும்பை மாட்டுங்காவில் ரூயா, ருபாரேல், பொத்தார், கால்சா, வி.ஜே.டி.ஐ. என்று காலாற நடந்தே சுற்றிவரக்கூடிய தூரத்துக்குள் இத்தனை கல்லூரிகள். மழைக்காலம் முடிவதற்குள் இந்த வட்டாரத்தில் ஓரங்க நாடக ஒத்திகைகள் சூடுபிடித்துவிடும். மராத்தியில் ஏகாங்கிகா எனப்படும் இந்தக் குறுநாடகங்கள் ஐ.என்.டி., இப்டா போன்ற அமைப்புகளின் கல்லூரிப் போட்டிகளுக்குப் போகும். வெவ்வேறு போட்டிகளில் வென்றவை ஜனவரி 25 இரவு நடக்கும் சவாய் போட்டியில் மோதும். குடியரசு தினம் விடியும்வரை அரங்கம் விழித்திருக்கும். பிறகு கோப்பை முதல்வர் அறை அலமாரிக்குப் போகிறது. பிரதி யாரோ ஒரு மாணவரின் பைக்குள் போகிறது. அவர் படிப்பை முடித்துக் கிளம்பும்போது அதுவும் கூடவே போய்விடுகிறது. ஒரு கல்லூரி நாடகக் குழு இதுவரை என்னென்ன போட்டது என்று கேட்டால் தலைப்பு, ஆண்டு, பரிசு என்று மூன்று கட்டம் போட்ட ஒரு பட்டியல் கிடைக்கலாம். அதை வரலாறு என்று ஒப்புக்கொள்ள முடியாது. மேடையேற்றிய நாடகத்தைக் காப்பாற்றி வைப்பதும் மேடையேற்றிய கல்லூரியின் பொறுப்புதான்.

தொழில்முறை மேடைக்குப் போகுமுன் பழகிப் பார்க்கும் இடம்தான் கல்லூரி மேடை என்று ஒரு நினைப்பு இருக்கிறது. மும்பையின் அனுபவம் வேறு. டிக்கெட் விற்றாக வேண்டிய கட்டாயமில்லை, பெரிய செட்டுக்குப் பணமில்லை, கொடுத்த நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். இந்த நெருக்கடியில்தான் புதிய கதையும் புதிய சொல்முறையும் முதலில் தலைகாட்டுகின்றன. தேவேந்திர பேம் எழுதி இயக்கிய ‘ஆல் த பெஸ்ட்’ ஓர் உதாரணம். கண் தெரியாத ஒருவன், காது கேளாத ஒருவன், வாய் பேசாத ஒருவன், மூவருக்கும் ஒரே பெண்மேல் காதல். பரேலில் உள்ள மகரிஷி தயானந்த் கல்லூரியின் போட்டி நாடகமாகப் பிறந்த இது, 1993இல் முழுநீள நாடகமாகித் தொழில்முறை மேடைக்கு வந்தது. பரத் ஜாதவ், அங்குஷ் சௌதரி, சஞ்சய் நார்வேகர் ஆகிய மூவருக்கும் பெயர் வாங்கிக் கொடுத்தது. ஒரு தயாரிப்பாளரின் கை பட்டதால் இன்றும் நினைவில் இருக்கிறது. ஆனால் தயாரிப்பாளர் வசூலைப் பார்த்துத்தான் எடுப்பார். அது அவர் தொழில். அப்படிப்பட்ட சல்லடையில் நகைச்சுவை தங்கும், மற்றவை பெரும்பாலும் கீழே விழும். 1982இல் மும்பையில் சுமார் இரண்டரை லட்சம் துணி மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்த வீடுகளின் பிள்ளைகள் படித்த கல்லூரிகளின் மேடையில் அந்த வருடங்களில் என்ன பேசப்பட்டது என்று இன்று ஆராய வருகிறவர் எந்தக் கதவைத் தட்டுவார்?

கல்விக்கூடத்து நாடகம் ஒழுங்காகப் பதிவானால் என்ன நடக்கும் என்பதற்கும் மும்பையிலிருந்து போன ஒருவரே சாட்சி. செயின்ட் சேவியர் கல்லூரி மாணவரான இப்ராஹிம் அல்காசி, 1962 முதல் 1977 வரை டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநராக இருந்தார். 1963இல் பெரோஸ் ஷா கோட்லா இடிபாடுகளுக்கிடையே மாணவர்களை வைத்து அவர் போட்ட ‘அந்தா யுக்’ நாடகம் பற்றி இன்றைய மாணவருக்கும் தெரியும். புகைப்படங்கள், அரங்க வரைபடங்கள், குறிப்புகள் எல்லாம் சேர்த்து வைக்கப்பட்டன. பின்னாளில் கண்காட்சியாகவும் வந்தன. அந்தப் பள்ளியில் படித்த பேராசிரியர் செ. ராமானுஜம் 1977இல் காந்திகிராமத்தில் நடத்திய நாடகப் பட்டறை நவீனத் தமிழ் நாடகத்துக்கு ஒரு திருப்பம். அவர் என்ன கற்றுக்கொண்டு வந்தார் என்பதை அந்தப் பதிவுகளைக் கொண்டு ஓரளவாவது ஊகிக்க முடிகிறது.

இதில் தமிழர் யாரையும் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதில்லை. நமக்கு முன்னோடி இருக்கிறார். பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது அவர் இருபது வயதைத் தாண்டாத கல்லூரி இளைஞர். பின்னாளில் ‘நாடக மேடை நினைவுகள்’ என்று அவர் எழுதியவற்றில் யார் எந்த வேடம் கட்டினார்கள், எங்கே சொதப்பியது, என்ன வசூலானது என்பது வரை இருக்கிறது. அதனால் 1890களின் ஓர் அமெச்சூர் சபையைப் பற்றி நமக்குத் தெரிந்த அளவுகூட 1990களின் கல்லூரி நாடகக் குழுக்களைப் பற்றித் தெரியவில்லை. அதே 1891இல் வெளிவந்த சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ தலைமுறை தலைமுறையாகப் பாடப்புத்தகத்தில் வாழ்கிறது. படிக்கிற நாடகத்தை நூலகம் காக்கிறது. நடிக்கிற நாடகத்துக்கு நூலகத்தில் இன்னும் அலமாரி ஒதுக்கப்படவில்லை.

நாடகப் பிரதிகளை அதிகமாகச் சேர்த்தவர்கள் நாடகத்தை நேசித்தவர்களா என்று பார்த்தால் அதுவுமில்லை. பிரிட்டனில் 1968 வரை நாடகத் தணிக்கை லார்டு சேம்பர்லின் அலுவலகத்தின் கையில் இருந்தது. அனுமதிக்காக அங்கே கொடுக்கப்பட்ட பிரதிகள்தான் இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் பெருஞ்செல்வம். மகாராஷ்டிரத்திலும் நாடகம் போடுமுன் பிரதியை அரசின் பரிசீலனைக் குழுவிடம் கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது விதி. இதை எதிர்த்து நடிகர் அமோல் பாலேகர் 2016இல் மும்பை உயர் நீதிமன்றம் சென்றார். தமிழ்நாட்டின் 1954ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தை எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் ரத்து செய்தது, நல்ல தீர்ப்பு. ஆவணத்துக்காகத் தணிக்கை இருக்கட்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நாடகம் கற்றுத்தரும் கல்லூரி வாங்கி வைக்காத பிரதியைச் சந்தேகப்படும் அலுவலகம் கேட்டு வாங்குகிறது என்பது கல்லூரிகளுக்குப் பெருமை தராது.

நாடகம் அந்தந்த இரவோடு முடியும் கலை, அதைப் பதிவு செய்தால் செத்த உடலைத்தான் காட்ட முடியும் என்பார்கள். முதல் பாதி உண்மை. ஆனால் பதிவு என்றால் வீடியோ மட்டும் என்று யார் சொன்னது? ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் தம் தயாரிப்புகளுக்கு மாதிரி நூல்கள் தயாரித்தார்: காட்சிக்குக் காட்சி புகைப்படம், பக்கத்திலேயே ஏன் இப்படிச் செய்தோம் என்ற குறிப்பு. ஒத்திகையில் அடித்துத் திருத்திய பிரதி, ஒளியமைப்புத் தாள், செட்டின் வரைபடம், மேடைக்குப் பின்னால் நின்றவர்கள் உட்பட எல்லாருடைய பெயர்கள், செலவுக் கணக்கு இவை ஒரு கோப்பில் இருந்தால் நாடகம் எப்படி உருவானது என்பது புரியும். மாணவர் வேலைதானே, பாதிக்கு மேல் சுமார்தானே என்பது இன்னொரு எதிர்வாதம். சுமாரான நாடகங்கள்தான் ஒரு காலத்தின் பொதுவான பேச்சைக் காட்டிக்கொடுக்கும். மேலும், எது மட்டம் என்று அன்றே தீர்மானிக்க யாருக்குத் தகுதி? ஷேக்ஸ்பியர் இறந்து 7 ஆண்டுகள் கழித்து, 1623இல் சக நடிகர்கள் இருவர் பிரதிகளைத் தொகுக்காமல் விட்டிருந்தால் ‘மாக்பெத்’ நமக்குக் கிடைத்தே இருக்காது.

கனமான எதிர்ப்பு ஒன்று உண்டு. பிரதியைக் கொடுத்தால் கருவைத் திருடிவிடுவார்கள் என்று மாணவர்கள் அஞ்சுகிறார்கள். சினிமாவும் வெப் தொடர்களும் கதைக்கு அலையும் மும்பையில் இந்த அச்சத்தை அசட்டை செய்ய முடியாது. ஆனால் பையில் ஒளித்து வைத்த பிரதி வழக்கு என்று வந்தால் எதற்கும் உதவாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவுடனேயே உரிமை வந்துவிடுகிறது; இந்தத் தேதியில் இது என்னிடம் இருந்தது என்று நிரூபிப்பதில்தான் சிக்கல். கல்லூரி நூலகத்தின் தேதி முத்திரை அந்தச் சிக்கலைப் பெருமளவு குறைக்கும். எழுதியவர் அனுமதியின்றி வெளியாட்களுக்குக் காட்டுவதில்லை என்ற விதியையும் சேர்த்துக்கொண்டால் போயிற்று. பணத்துக்கும் பெரிய தேவையில்லை. கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 1882 முதல் போட்டுவரும் கிரேக்க நாடகங்களுக்கு வரிசையாக ஆவணம் இருக்கிறது. அது செல்வம் படைத்த பல்கலைக்கழகம் என்பது சரி. ஆனால் ஒரு கோப்பும் அதற்குப் பொறுப்பான ஒரு நூலகரும் எந்தக் கல்லூரிக்கும் கட்டுப்படியாகும்.

தாராவி மறுசீரமைப்புத் திட்டம் நடந்துகொண்டிருக்கும் காலம் இது. தலைமுறைகளாக அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இந்தக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். வீடு போவதைப் பற்றி, வீடு கிடைப்பதைப் பற்றி அவர்கள் எந்த மொழியில் நாடகம் போட்டாலும் அது பின்னால் தேடப்படும் சான்று. ஆகவே மாட்டுங்கா, செம்பூர், தாராவி வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி நாளில் நீங்களோ உங்கள் வீட்டார் யாரோ நடித்த, எழுதிய, திரை இழுத்த நாடகத்தின் பிரதியோ புகைப்படமோ பரணில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஆண்டையும் நடித்தவர்களின் பெயர்களையும் பின்பக்கம் எழுதி, ஒரு நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தை அந்தக் கல்லூரி நூலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.