ஒரே மணமேடையில் இரண்டு கேமராக்கள்

திருமணங்களில் படம் எடுப்பது நம் மாணவர்கள் சிலருக்கு வார இறுதிப் பகுதிநேர வேலை. பெரும்பாலும் அனுபவமுள்ள ஒருவருக்குத் துணையாகவே செல்கிறோம். அங்கே படம் எடுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. இன்னொருவரோடு மேடையைப் பகிர்ந்துகொள்ளவும் தெரிய வேண்டும்.

முதலாவது, நிற்கும் இடம். தாலி கட்டும் நேரம் சில வினாடிகளே, மீண்டும் வராது. கெட்டிமேளம் முழங்கும்போது நேர் எதிரில் நிற்கும் உரிமை முதன்மைக் கலைஞருடையது. துணைக் கலைஞர் பக்கவாட்டில் நின்று பெற்றோரின் முகங்களையும் அட்சதை தூவும் கைகளையும் எடுக்கலாம். இதை முகூர்த்தத்திற்கு முன்பே பேசி முடிவு செய்வது நல்லது.

இரண்டாவது, கடிகாரம். இரு கேமராக்களிலும் ஒரே நேரத்தை வைக்காவிட்டால், பின்னர் படங்களை வரிசைப்படுத்தும்போது தாலிக்குப் பிறகு நிச்சயதார்த்தம் வந்து நிற்கும்!

மூன்றாவது, வாடிக்கையாளர். விருந்தினர் விசாரித்தால், நம்மை அழைத்து வந்தவரின் முகவரி அட்டையைக் கொடுப்பதே முறை.

நான்காவது, படங்களின் உரிமை. சிங்கப்பூரில் 2021 நவம்பர் 21 முதல் நடப்பிலுள்ள பதிப்புரிமைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் குறிப்பிடாதவரை, பிறர் கேட்டு எடுத்துத் தரும் படத்தின் உரிமை எடுத்தவருக்கே உண்டு. ஊழியராக எடுத்தால் அது முதலாளிக்குரியது. எனவே துணைக் கலைஞரின் படங்களை யார், எங்கே, எந்தப் பெயரில் வெளியிடலாம் என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். மணமக்களின் சம்மதமும் அவசியம்.

நட்புக்காக ஏற்ற வேலை நட்பையே முறிக்காதிருக்க, அந்த ஒரு தாள் போதும்.