எத்தனை பேரில் எத்தனை பேர்?

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை நேரம். செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவர், வேலை முடிந்து குளித்துவிட்டு, கையில் ஒரு கடிதத்துடன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவருடைய மூத்த மகள் என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்தவள். எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல புள்ளிகள் எடுத்திருந்தாள்.

"பிள்ளைக்கு யூனிவர்சிட்டி கெடச்சிருக்கு சார். ஆனா டாக்டர் படிப்பு இல்லையாம். சுற்றுச்சூழல் சுகாதாரம்னு என்னமோ சொல்றா. லோங்காங் பாக்குற வேலையா சார்? அதுக்கா இவ்வளவு தூரம் படிக்க வெச்சேன்?"

அவர் கோபத்தில் பேசவில்லை. தாங்க முடியாத ஏமாற்றத்தில் பேசினார். நம் பெற்றோரின் மனத்தில் மருத்துவம் என்றால் வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஒரு குழாயும்தான். நோயாளி வந்தபின் பார்ப்பவர் மருத்துவர். நோயாளியே வராதபடி செய்ய ஒரு படிப்பு இருக்கிறது என்பதை நானும் அன்றைக்கு அவருக்குச் சரியாக எடுத்துச் சொல்லவில்லை. பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆயர் ஈத்தாம் வட்டாரத்துப் பெற்றோர்களுக்கும், மற்ற தோட்டத்துப் பெற்றோர்களுக்கும் அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தப் படிப்பின் நடுநாயகமான பாடத்திற்கு எபிடெமியாலஜி என்று பெயர். தமிழில் நோய்ப்பரவல் இயல் எனலாம். யாருக்கு வந்தது, எங்கே வந்தது, எப்போது வந்தது என்று மூன்று கேள்விகளைக் கேட்டு, ஏன் வந்தது என்பதைப் பிடிக்கிற கலை அது. அடிப்படையில் நாம் ஐந்தாம் ஆண்டில் சொல்லிக் கொடுக்கும் விழுக்காட்டுக் கணக்குத்தான். மேல் லயத்தில் 12 பேருக்குக் காய்ச்சல், கீழ் லயத்தில் 6 பேருக்கு. எது மோசம்? வகுப்பில் கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் மேல் லயம் என்றுதான் கை தூக்குவார்கள். மேல் லயத்தில் 240 பேர் இருக்கிறார்கள், கீழ் லயத்தில் 60 பேர்தான் என்று சொன்னதும் முகங்கள் மாறும். நூற்றுக்கு ஐந்து ஒருபுறம், நூற்றுக்குப் பத்து மறுபுறம். எத்தனை பேர் என்று கேட்பது போதாது. எத்தனை பேரில் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும்.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. உலகத்திற்கு இதைக் கற்றுக்கொடுத்த இடங்களில் ஒன்று மலாயாவின் ரப்பர் தோட்டம்.

1901-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்னும் ஸ்காட்லாந்து இளம் மருத்துவர் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தார். மலேரியாவைப் பரப்புவது கொசுதான் என்று ரொனால்ட் ரோஸ் இந்தியாவில் கண்டறிந்து நான்கு ஆண்டுகள்கூட நிறைவடையாத காலம். கிள்ளான் நகரத்தைக் குளிர்காய்ச்சல் வாட்டிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், வேலைக்கு வந்தவர்கள் அடுத்தடுத்துப் படுத்துவிட்டார்கள். வாட்சனின் யோசனைப்படி சதுப்பு நீரை வடித்தார்கள், சுற்றியிருந்த காட்டை வெட்டினார்கள். காய்ச்சல் குறைந்தது.

பிறகு அவர் தோட்டங்களுக்குப் போனார். லயம் லயமாகச் சென்று, பிள்ளைகளை நிற்க வைத்து, இடது விலாவுக்குக் கீழே கையால் அழுத்திப் பார்த்தார். மலேரியா மீண்டும் மீண்டும் வந்த பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கியிருக்கும், கைக்குத் தட்டுப்படும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீக்கம், அந்த லயம் காட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதிக்கொண்டே போனார். காட்டை ஒட்டிய லயங்களில் எண்ணிக்கை ஏறியது. தள்ளியிருந்த லயங்களில் இறங்கியது.

அவை யாருடைய வயிறுகள்? கப்பலேறி வந்த நம் பாட்டன் பூட்டன் பெற்ற பிள்ளைகளின் வயிறுகள். 1911-இல் வாட்சன் வெளியிட்ட மலேரியாத் தடுப்பு நூலில் அந்த எண்ணிக்கைகள் இருக்கின்றன. ஆனால் எண்களாக நிற்கும் அந்தப் பிள்ளைகள் யார் யார் என்பதை இன்று யாரால் சொல்ல முடியும்? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்னமோ செய்யும்.

கதை அங்கே முடியவில்லை. சமவெளித் தோட்டத்தில் காட்டை வெட்டியதும் காய்ச்சல் போயிற்று. மேட்டுத் தோட்டத்திலும் அதே வைத்தியத்தைச் செய்தார்கள். அங்கே காய்ச்சல் கூடிவிட்டது! கணக்கு எழுதி வைத்திருந்ததால்தான் இது தெரிந்தது. சமவெளியில் நோய் பரப்பிய கொசு, நிழல் விழுந்த சதுப்பு நீரில் முட்டையிடுவது. மேட்டு நிலத்தில் இருந்ததோ வேறு ஜாதிக் கொசு. அதற்கு வெயில் படுகிற தெளிந்த ஓடைநீர் வேண்டும். மரத்தை வெட்டி ஓடைக்கு நாமே வெயிலைக் காட்டிக்கொடுத்தோம். பிறகு ஓடையை மண்ணுக்கடியில் குழாய் வழியே ஓடவிட்டார்கள். அதன் பிறகு நீரின்மேல் எண்ணெய் தெளித்தார்கள். பெரட்டுக் களத்தில் டிரெஸ்ஸர் கொயினா மருந்தைக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே நிற்பாராம். என் பாட்டி அந்தக் கசப்பைச் சொல்லும்போது முகத்தைச் சுளித்துக் காட்டுவார். 2018-இல் இந்நாட்டில், மனிதருக்குரிய மலேரியா உள்நாட்டிலேயே தொற்றியதாக ஒன்றுகூடப் பதிவாகவில்லை. இப்போது அஞ்ச வேண்டியது குரங்கிடமிருந்து வரும் மலேரியா. காட்டோரம் வேலை செய்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

பழைய கதைதானே என்று எண்ண வேண்டாம். 1998-இல் ஈப்போ வட்டாரத்திலும், அதன்பின் நெகிரி செம்பிலான் புக்கிட் பெலாண்டோக்கிலும் மூளைக்காய்ச்சல் பரவி ஆட்களைச் சாய்த்தது. கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் நினைத்தார்கள். புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், சாவு நிற்கவில்லை. யாருக்கு வந்தது என்று பார்த்தபோதுதான் கணக்கு இடித்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பெரியவர்கள். பன்றிப் பண்ணையில் வேலை செய்த சீனர்கள், இந்தியர்கள். கொசுவுக்கு ஆள் பார்த்துக் கடிக்கத் தெரியுமா? 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைக் கண்டறிந்தார். சுங்கை நீப்பா கிராமத்தின் பெயரே அதற்கு நீப்பா என்று வந்தது. மூலம் பழந்தின்னி வௌவால். அதனிடமிருந்து பன்றிக்கு, பன்றியிடமிருந்து மனிதருக்கு. நோய் கண்ட 265 பேரில் 105 பேர் இறந்தார்கள்.

இந்த இயல் தொற்றுநோயோடு நிற்பதில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், இந்நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு என்று தெரிந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 31 பேர். மூன்றில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது ஏன்? கெட்டிப்பால் தேநீரா, நடை குறைந்ததா, பரம்பரையா, கிளினிக்குக்குப் போக ஒருநாள் சம்பளம் போகிறதே என்ற தயக்கமா? இந்தக் கேள்வியோடு நம் வீட்டு அடுப்படி வரை வந்து, நம் பேச்சிலேயே பேசி விசாரிக்க நம் பிள்ளைகளே வேண்டாமா?

படிப்பு விவரம் கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேசியப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் சுகாதாரத்திலும், செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல், தொழில்சார் சுகாதாரத்திலும் இளங்கலைப் பட்டம் உண்டு. அறிவியல் பாடங்களோடு எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்திருக்க வேண்டும். பி.டி.பி.டி.என். கடனுதவிக்கும் விண்ணப்பிக்கலாம். நோய்ப்பரவல் இயல், புள்ளியியல், குடிநீர், உணவுத் தூய்மை, கொசு ஒழிப்பு, வேலையிடப் பாதுகாப்பு எல்லாம் பாடங்கள். பூச்சிக்கொல்லி தெளிக்கும் நம் பெண்களின் மூச்சும் தோலும்கூட இந்தப் படிப்புக்குள் வருகிற விஷயங்களே. மாவட்டச் சுகாதார அலுவலகம், நகராண்மைக் கழகம், தொழிற்சாலை ஆகியவற்றில் வேலைக்கு முயலலாம். எனக்குத் தெரிந்தவரை பிள்ளைகள் தடுமாறுவது புள்ளியியலில்தான். கணக்கில் பயமுள்ள பிள்ளையைச் சும்மா தள்ளிவிட வேண்டாம்.

அந்த மாணவி கடந்த தீபாவளி விடுமுறைக்கு வந்திருந்தாள். பலகாரத் தட்டோடு என் வீட்டுக்கு வந்தவள், உட்கார்ந்ததும் நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். "சார், நம்ம பழைய லயத்துல இப்ப எத்தனை வீட்டுல ஆள் இருக்காங்க? போன வருஷம் எத்தனை பேருக்கு டிங்கி வந்துச்சு?" இரண்டாவது கேள்விக்கு என்னிடம் விடை இருந்தது, முதல் கேள்விக்கு இல்லை. அது தெரியாமல் இரண்டாவதால் பயனில்லை என்று வாத்தியாருக்கே பாடம் எடுத்துவிட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக எண்ணப் போய்விட்டாள். ஆளில்லாத வீடுகளின் பின்புறம் கிடந்த பழைய வாளிகளையும் டயர்களையும் அவர்தான் புரட்டிக் காட்டினாராம்.

போன வாரம் ஆயர் ஈத்தாம் கடைத்தெருவில் அவரைப் பார்த்தேன். மகள் அடுத்த மாதம் சுகாதார அலுவலகப் பயிற்சிக்குப் போகிறாளாம். ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி பேரம் பேசிக்கொண்டிருந்தார். "பொம்பளைப் பிள்ளை சைஸ் சின்னதா இல்லை சார். அஞ்சாம் நம்பர் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார். குளுவாங்கில் ஒரு கடை சொல்லி அனுப்பினேன்.